ரெண்டு நாள் குற்றாலம்: அருவிக்கு அவசரம் கிடையாது

சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் கூட்டம் ஒரு சீசன் ஊரை எப்படி மாற்றிப் போட்டிருக்கிறது?

ஆடி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறே கால். பேரருவிக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தோளில் துண்டும் கையில் பிளாஸ்டிக் பையுமாக நூற்றுக்கணக்கானவர்கள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அருவிக்கு அடியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவை, ஊர்க்காரர்கள் ‘ஆர்ச்’ என்பார்கள், தாண்டி வந்து விழுகிறது தண்ணீர். ஆர்ச்சைத் தாண்டினால் குளிக்கத் தடை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இரவோடு இரவாக வந்த வேன் கூட்டம் ஒன்று முன்வரிசையில் நிற்கிறது. பாட்டி லாட்ஜிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நெற்றியில் வழிவதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். மருமகன் காவலரிடம் போகிறார்.

“எப்ப சார் விடுவீங்க?”

“தண்ணி கொறஞ்சா விட்ருவோம் அண்ணாச்சி.”

“எப்ப சார் கொறையும்?”

காவலர் பதில் சொல்லவில்லை. மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். மலையில் மேகம் மட்டும்தான் தெரிந்தது.

வேனுக்கு மதியம் மூன்று மணி கெடு. அதற்குள் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், பிரானூர் பார்டரில் சாப்பாடு, திரும்பும் வழியில் சங்கரன்கோவிலில் ஒரு கும்பிடு. எல்லாமே பட்டியலில் இருக்கிறது, தண்ணீர் மட்டும் பட்டியலுக்குக் கட்டுப்படவில்லை. ஒரு பையன் செல்போனில் ஐந்தருவி நிலவரம் தேடுகிறான். கிடைத்த வீடியோ போன வாரத்தது.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை எந்த வார இறுதியில் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கூட்டம் குற்றாலத்துக்குப் புதிதல்ல. கூட்டத்தின் கையில் இருக்கும் நேரம் சுருங்கிப்போனதுதான் புதிது. அந்த அவசரத்துக்கு ஊர் வளைந்து கொடுக்கத் தொடங்கியதன் விளைவுகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

வீடு பிடித்துத் தங்கிய காலம்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு இந்தப் பக்கம் நுழைகிறது. அதனால்தான் இங்கே பெய்வது மழையாக இல்லாமல் சாரலாக இருக்கிறது. வெயிலும் சேர்ந்தே அடிக்கும். குடை பிடித்தால் சிரிப்பார்கள்.

அந்தக் காற்றுக்காகவே மாதக்கணக்கில் வந்து தங்கியவர்கள் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் இதைத் தெற்கின் ஆரோக்கிய ஸ்தலம் என்றார்கள். ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களைக் கம்பெனி காலத்திலேயே இங்கே நட்டுப் பார்த்தார்கள். இன்றைக்குச் சீசன் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவிவதற்குப் பின்னால் அந்தப் பழைய தோட்ட மோகமும் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர்கள் அரண்மனை கட்டினார்கள்; அந்த இடம் இன்றும் கேரள அரசின் சொத்து. ஜமீன்தார்கள் பங்களா போட்டார்கள். நடுத்தரக் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து வீடு வாடகைக்கு எடுத்தன.

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இங்கேயே குடியேறிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். காலையில் அருவி, பிறகு இட்லி, பிறகு கம்பன், மாலையில் மறுபடி அருவி என்று நாட்கள் போயிருக்கும். ஒருநாள் தண்ணீர் அதிகம் என்றால் மறுநாள் குளித்துக்கொள்ளலாம். தடை என்ற பேச்சுக்கே அங்கே வலு இல்லை.

இன்றைக்கு நெல்லையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். சென்னையில் இரவு பொதிகை ரயில் ஏறினால் காலையில் தென்காசி. 2018-ல் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகல ரயில் பாதையாகத் திறந்தபின் கொல்லத்துக்காரர்களுக்கும் இது பக்கத்து ஊர். தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது; சாலைகள் விரிந்தன. பயணம் எளிதாக எளிதாகத் தங்குவது குறைந்தது. காலையில் வந்து இரவில் திரும்ப முடியும் என்றானபின் யார் ஒரு மாதம் வீடு பிடிப்பார்கள்?

> பெட்டிச் செய்தி: எந்த அருவி எப்படி?
>
> பேரருவி: திருக்குற்றாலநாதர் கோயிலை ஒட்டி. மேலிருந்து விழும் தண்ணீர் நடுவே ‘பொங்குமாங்கடல்’ என்ற பள்ளத்தில் மோதி வேகம் தணிந்து இறங்குவதால்தான் மனிதத் தலை தாங்குகிறது. ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்க வருபவர்கள் கூட்டம் தனி.
>
> ஐந்தருவி: பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கிளை. தண்ணீர் குறைந்தால் ஐந்து, இரண்டாகிவிடும்.
>
> பழைய குற்றாலம்: ஊருக்கு வெளியே, ஆயிரப்பேரி ஊராட்சிப் பக்கம்.
>
> சிற்றருவி, புலியருவி: சிறியவை. குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தோது.
>
> செண்பகாதேவி, தேனருவி: மலைக்கு மேலே, காட்டுக்குள். பொதுவாக வனத்துறை விடுவதில்லை. சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் போவார்கள்.

மலையில் பெய்வது கீழே தெரியாது

2024 மே 17. சீசன் இன்னும் தொடங்கவில்லை. கோடை மழை. பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் வந்து விழுந்தது. படிகளில் தாவி ஏறியவர்கள் தப்பினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. வெள்ளை நுரையாக விழுந்துகொண்டிருந்த அருவி சட்டென்று செம்மண் நிறத்துக்கு மாறும் அந்தச் சில நொடிகளை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

அதற்கு முன்பும் ஒன்று நடந்தது. 2022 டிசம்பர் கடைசியில், அதே அருவியில், கேரளத்திலிருந்து வந்த குடும்பத்தின் 4 வயதுப் பெண்குழந்தை தண்ணீரோடு வழுக்கிக் கீழே பாறைகளுக்கு இடையே போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற சுற்றுலா வண்டி ஓட்டுநர் ஒருவர் யோசிக்காமல் இறங்கிக் குழந்தையைத் தூக்கி வந்தார். அன்றைக்கு நல்ல முடிவு. ஆனால் அந்த மீட்பு அங்கே இருந்த ஏற்பாட்டினால் நடந்ததல்ல, அவருடைய துணிச்சலால் நடந்தது.

சிற்றாறு பிறக்கும் திரிகூடமலைக்கும் அருவிக்கரைக்கும் இடையே தூரம் கொஞ்சம், சரிவு அதிகம். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே சில நிமிடங்களில் தெரியும். கீழே அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு: தண்ணீரில் சருகும் குச்சியும் கூடுதலாக வந்தால், நிறம் ஒரு சாயல் மங்கினால், பேசாமல் வெளியே வந்துவிடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் குளிக்க வந்த வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? ஐந்து மணி நேரம் வண்டியில் வந்தவர் விசில் சத்தம் கேட்டதும், “இன்னும் ஒரு நிமிசம் சார்” என்று தலையை மறுபடி உள்ளே கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அடுத்த தடவை வருவது எப்போது என்று அவருக்கே தெரியாது.

2024 சம்பவத்துக்குப் பிறகு இரவுக் குளியலுக்குக் கட்டுப்பாடு, அபாயச் சங்கு, காவல் என்று ஏற்பாடுகள் இறுகின. பழைய குற்றால அருவி யார் கையில் இருக்க வேண்டும், ஊராட்சியிடமா வனத்துறையிடமா என்ற தகராறும் கிளம்பியது. வனத்துறைக்குப் போனால் நுழைவுக் கட்டணம் வரும், கடை போகும் என்று உள்ளூர்க்காரர்கள் அஞ்சினார்கள். பாதுகாப்பு வரும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தின் சாரல் சீசனைவிட, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம் இந்த அருவிகளில் ஆபத்தானது. அப்போது பெய்வது சாரல் அல்ல, அடைமழை. அதே மாதங்களில்தான் சபரிமலை போகும் வழியில் ஐயப்ப பக்தர்கள் குளிக்க இறங்குகிறார்கள். அவர்களுக்கு இரண்டு நாள்கூடக் கிடையாது, இரண்டு மணி நேரம்தான். மாலை போட்டு நடுராத்திரி இறங்கும் பேருந்துக்காரரிடம் காலைவரை காத்திருங்கள் என்றால் இருமுடிக் கணக்கு தப்பிவிடும் என்பார்.

அருவியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்

தடை என்று கயிறு கட்டினால் அறை எடுத்தவர் சும்மா இருப்பாரா? “அருவி இல்லாமல் குற்றாலம் எதற்கு?” என்று விடுதிக்காரரைக் கேட்கிறார். இந்தக் கேள்வியில்தான் ஒரு புது வியாபாரம் முளைத்தது. மலையடிவாரத்துத் தோட்டங்களில், ஓடைத் தண்ணீரைக் குழாயிலும் வாய்க்காலிலும் திருப்பிப் பாறைமேல் விட்டுத் ‘தனி அருவி’ உண்டாக்கினார்கள். எந்த நேரமும் குளிக்கலாம், கூட்டம் கிடையாது, விசில் கிடையாது. இணையத்தில் படம் பார்த்துவிட்டு வருபவருக்கு அது இயற்கை அருவியா, வெட்டிய அருவியா என்ற வித்தியாசமே தெரியாது.

விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2022-ல், இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க உத்தரவு வந்தது. அதிகாரிகள் இறங்கினார்கள், சில இடங்களை மூடினார்கள். மூடியதெல்லாம் மூடியபடியே இருக்கிறதா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்.

இதில் நஷ்டம் யாருக்கு என்பதைக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் தெரியும். சிற்றாறு அருவியோடு முடிந்துபோகிற ஆறல்ல. அடுத்தடுத்து அணைக்கட்டுகளில் தேங்கி, குளங்களை நிரப்பி, தென்காசி, வீரகேரளம்புதூர் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே ஒருவர் ஒரு நாள் பொழுதுபோக்குக்குத் திருப்பும் ஓடை, கீழே ஒரு குளத்தின் கடை மடைக்குச் சேர வேண்டிய தண்ணீர். கார் பருவத்து நாற்று அந்த நேரத்தில்தான் நடவுக்கு நிற்கும்.

எண்ணெய் போனது, ஏலம் இருக்கிறது

பழைய ஆட்களைக் கேட்டால் குற்றாலத்தின் அடையாளமாக அருவியோடு சேர்த்து எண்ணெயையும் சொல்வார்கள். அருவிக்கரையில் ஈரப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, நல்லெண்ணெயை ஊற்றி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை தட்டித் தேய்த்துவிடும் ஆட்கள் இருந்தார்கள். கையைக் குவித்து முதுகில் அடித்தால் ‘டொப் டொப்’ என்று சத்தம் பாறையில் மோதி வரும். அரை மணி ஊறிவிட்டு அருவிக்குள் போனால் சோப்பே வேண்டாம் என்பார்கள்.

எண்ணெய், ஷாம்பு, சோப்பு எல்லாவற்றுக்கும் மதுரைக் கிளை தடை போட்டது. தேவையான தடைதான். ஆயிரக்கணக்கான ஷாம்பு பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் அடைந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் கரையிலிருந்த தேய்ப்பவரின் பிழைப்பு அதோடு போனது. ஷாம்பு பாக்கெட் மட்டும் இன்னும் மடியில் மறைந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. தேய்த்துவிடும் கடைகள் அருவியைவிட்டுத் தெருவுக்குள் நகர்ந்துவிட்டன. அங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே அருவிக்குத்தான் வருகிறார்கள். சாத்தூர்ப் பாட்டி போல லாட்ஜிலேயே வைத்துக்கொண்டும் வருகிறார்கள்.

கடைக்காரர்கள் கணக்கு வேறு. கோயில் இடத்திலும் பேரூராட்சி இடத்திலும் சீசன் கடைகளும் வாகன நிறுத்தமும் ஏலத்தில் போகின்றன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் எடுக்க வேண்டும். சீசன் தள்ளிப்போனால், அல்லது சனி ஞாயிறு பார்த்துத் தடை விழுந்தால், பணம் முங்கிவிடும். குற்றாலத் துண்டும் நேந்திரம் சிப்ஸும் திங்கள் முதல் வெள்ளிவரை தொங்கிக்கொண்டிருக்கும்; வியாபாரம் அத்தனையும் சனியும் ஞாயிறும்தான். முன்பு ஒரு குடும்பம் ஒரு மாதம் தங்கி, தினம் காய் வாங்கி, பால் வாங்கி, பழக்கடையில் பற்று வைத்துப் போகும். இப்போது ஒரே நாளில் நாலு மடங்கு கூட்டம் வந்து, ஒரு பாக்கெட் சிப்ஸோடு போகிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஏமாந்தோம் என்று அவர்கள் அடுத்த வருஷம் வெளியிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாப்பிட்ட இலையும் தட்டும் ஐந்தருவிச் சாலையோரத்தில் கிடக்கின்றன. குரங்குகளுக்கு யோகம்.

தென்காசிக்காரர்களுக்கோ சீசன் ஞாயிறு என்றால் வீட்டைவிட்டு நகரக்கூடாத நாள். குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு ஆம்புலன்ஸ் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தால் அருவி ஆசையே விட்டுப்போகும்.

பூப் பார்க்க வந்த கூட்டம்

அருவி மூடியிருந்தால் கார்கள் வடகிழக்கே திரும்புகின்றன. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி. ‘ரோஜா’ படத்துக் கிராமம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ‘அந்நியன்’ பாட்டுக்காக வண்ணம் பூசிய பாறையும் இங்கேதான். ஜூலை, ஆகஸ்டில் வயல்கள் மஞ்சளாகும்போது கேரளப் பதிவெண் கார்கள் வரப்போரம் வரிசையாக நிற்கும்.

விவசாயிக்குப் பூ என்பது எண்ணெய் வித்து. கூட்டத்துக்கு அது பின்னணித் திரை. செல்ஃபிக்காக நடு வயலுக்குள் நடந்தால் செடி சாயும். சாய்ந்த செடியில் வித்து திரளாது. முதலில் திட்டிப் பார்த்தார்கள், பிறகு வேலி போட்டார்கள். சில வயல்களில் உள்ளே போகக் காசு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விவசாயிதான் இந்தக் கட்டுரையில் வரும் ஆட்களிலேயே தெளிவானவராகத் தெரிகிறார். வருகிறவர்களுக்கு எது வேண்டும், தனக்கு எது போகிறது என்று கணக்குப் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு விலை வைத்திருக்கிறார். குற்றாலத்தில் அந்தக் கணக்கை இன்னும் யாரும் போடவில்லை.

> பெட்டிச் செய்தி: தடையா? தென்காசியில் அரை நாள்
>
> காசி விசுவநாதர் கோயில்: 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. ஒன்பது நிலைக் கோபுரம், ஏறக்குறைய 180 அடி. பழைய கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்றைய கோபுரம் 1990-ல் எழுந்தது. வாசலில் நுழையும்போது காற்று எதிரே தள்ளும், பாதி தாண்டியதும் பின்னாலிருந்து தள்ளும். ஆடிக் காற்றில் போனால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளவும். முன்மண்டபத்து வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். எதிர்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் கல்வெட்டு வைத்த மன்னன் இவன்.
>
> சித்திர சபை: குற்றாலத்திலேயே, கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற நான்கிலும் திருமேனி. இங்கே சுவர் ஓவியம். அருவிக்கு வரும் ஆயிரம் பேரில் இந்தப் பக்கம் திரும்புபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.
>
> இலஞ்சி, பண்பொழி: இலஞ்சிக் குமாரர் கோயில் வழியிலேயே. பண்பொழித் திருமலைக் கோயிலுக்குப் படியும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. மேலே நின்றால் குளங்களும் தென்னந்தோப்புகளும் ஒரே பார்வையில்.
>
> செங்கோட்டை: 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூர்-கொச்சி. பக்கத்துப் பிரானூருக்கு ‘பார்டர்’ என்ற ஒட்டு அதனால்தான். எல்லை போய் வருஷம் எழுபது ஆகப்போகிறது. பார்டர் புரோட்டாவுக்கு வரிசை குறையவில்லை. வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் இதுவே.

கியோட்டோ பேருந்தும் ஊட்டி இ-பாஸும்

இந்த இரண்டு நாள் கூட்டம் குற்றாலத்துக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. ஜப்பானுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் இப்போது அதிகம். எட்டு நாளில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஓடுவார்கள். கியோட்டோவுக்கு விழுவது இரண்டு நாள். அப்படி வருபவர்களுக்குத் தோதாக அந்த நகரம் ஒரு நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் பேருந்தில் ஏறி இறங்கும் பயணச்சீட்டை விற்றுவந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரே பகலில் ஐந்தாறு கோயில்களை முடித்துவிடலாம். விளைவு: மார்க்கெட்டுக்குப் போகும் உள்ளூர்ப் பாட்டிக்குப் பேருந்தில் நிற்க இடமில்லை. 2023-ல் அந்தச் சீட்டின் விற்பனையையே நிறுத்தினார்கள். 2024-ல் முக்கிய இடங்களுக்கு மட்டும் போகும் தனிப் பேருந்து விட்டார்கள். கெய்ஷா பெண்களைத் துரத்திப் படமெடுத்த தொல்லையால் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். ஃபுஜி மலையின் யோஷிடா பாதையில் ஒரு நாளைக்கு 4,000 பேருக்கு மேல் ஏற விடுவதில்லை.

நம் பக்கத்தில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, உயர் நீதிமன்ற உத்தரவின்படி. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

குற்றாலத்துக்கும் இ-பாஸ் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊட்டிக்கு மலைப்பாதையில் சோதனைச் சாவடி போட்டால் போதும். குற்றாலம் மலையடிவாரம், தென்காசியிலிருந்து, செங்கோட்டையிலிருந்து, கடையம் பக்கத்திலிருந்து என்று பல வழி. அதே சாலையில்தான் பள்ளிக்கூட வேனும் வாழைத்தார் லாரியும் போகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், ஊட்டி ஏரி இன்றைக்கு இருப்பதுபோல்தான் நாளையும் இருக்கும். அருவி அப்படியல்ல. மூன்று நாள் முன்பே பாஸ் எடுத்து வந்தவர் முன்னாலும் அதே கயிறுதான் கட்டியிருக்கும். கையில் பாஸ் இருப்பதால் அவருக்குக் கோபம் கூடுதலாக இருக்கும். தர்ப்பணத்துக்கு வருபவரிடம் பாஸ் கேட்டால் அது இன்னொரு வழக்கு.

தங்குபவர்களும் இருக்கிறார்கள்

பழைய குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து இந்தப் பகுதிக் கிராமத்தில் குடியேறியது ஊரறிந்த செய்தி. அவரைப் பார்த்தோ, கொரோனா காலத்து வீட்டிலிருந்து வேலையைப் பழகியோ, மடிக்கணினியோடு சில வாரங்கள் வந்து தங்குபவர்கள் மெல்லக் கூடுகிறார்கள். இவர்களை அருவியில் சனிக்கிழமை பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு ஐந்தருவியில் பார்க்கலாம். தண்ணீர் அதிகம் என்றால் தோளைக் குலுக்கிவிட்டுத் தேநீர்க் கடைக்குத் திரும்புகிறார்கள். டி.கே.சி. காலத்து வழக்கம் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. எண்ணிக்கை குறைவு. ஆனால் ஏலக் கடைக்காரர்களுக்கு வார நாள் வியாபாரம் என்று ஒன்று இனி வருமானால் அது இவர்களால்தான் வரும்.

சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் சாரல் திருவிழா நடத்துகிறது. கலை நிகழ்ச்சி, போட்டிகள், கண்காட்சி எல்லாம் உண்டு. ஏற்கெனவே நெரியும் வாரங்களில் இன்னும் நாலு வண்டியைக் கூட்டி வரும் விழா எதற்கு என்று கேட்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதே மேடையை வார நாட்களுக்கு மாற்றி, சித்திர சபைப் பக்கமும் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரத்திலும் போட்டால், அருவியைத் தவிரவும் இங்கே ஊர் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும்.

இரண்டு நாள் ஆட்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மில் தொழிலாளிக்கும் பட்டாசுத் தொழிலாளிக்கும் கிடைப்பது அந்த ஒரு ஞாயிறுதான். அவர்களுக்குத் தேவை ஒரே ஒரு தகவல்: இன்றைக்கு விடுகிறார்களா, இல்லையா? அது இப்போது எப்படிப் போகிறது தெரியுமா? போன வருஷம் சிப்ஸ் வாங்கியபோது வாங்கி வைத்த கடைக்காரரின் நம்பருக்குப் போன் போடுகிறார்கள். “அண்ணாச்சி, தண்ணி எப்படி?” என்று கேட்கிறார்கள். அவரும் வியாபாரம் போய்விடக் கூடாதே என்று, “வாங்க வாங்க, வரதுக்குள்ள விட்ருவாங்க” என்கிறார்.

அருவிக்கரையில் காவலர் கயிறு கட்டும் அதே நேரத்தில் அந்தச் செய்தி ராஜபாளையம், ஆலங்குளம், புளியரை ஆகிய மூன்று இடங்களிலும் மின்பலகையில் ஓடினால் போதும். ஆலங்குளத்தில் பார்த்தவர் பாபநாசம் பக்கம் திரும்பலாம், ராஜபாளையத்தில் பார்த்தவர் சங்கரன்கோவிலை முதலில் முடித்துக்கொள்ளலாம், புளியரையில் பார்த்தவர் பாலருவிக்குத் திரும்பிப் போகலாம். மூன்று பலகைக்கு ஆகும் செலவு சாரல் திருவிழாவில் ஒரு நாள் மேடைச் செலவுக்குள் அடங்கலாம். அடுத்த சீசன் ஏலத்துக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்துவிடலாம். சிப்ஸ் கடைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.